டெஸ்க்டாப்புக்கு யூஎஸ்பி சவுண்ட் கார்டு: 1500 ரூபாய்க்குள் எது தேறும்?

காவிரிக்கரையான்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது பழைய டெஸ்க்டாப், நாலாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 10. பின்பக்கப் பச்சை ஜாக் ஆடிப்போய்விட்டது, பின்னை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் இரண்டு காதிலும் கேட்கிறது. சரி, முன்பக்கம் ஒன்று இருக்கிறதே என்று அதில் மாட்டினால் பாட்டு ஓடாத நேரத்திலும் மெல்லிய இரைச்சல். மவுஸை நகர்த்தினால் கூடவே 'கீச் கீச்' என்று ஒரு சத்தம். மைக்கில் பேசினால் எதிரில் இருப்பவர் "ஃபேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா சார்" என்கிறார். மதர்போர்டு மாற்றுகிற எண்ணம் இப்போதைக்கு இல்லை.

தேவை பெரிதாக ஒன்றுமில்லை. மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறேன், ராத்திரி ஹெட்போனில் பாட்டு. கேம் கிடையாது. கையில் போனுடன் வந்த மைக் வைத்த இயர்போனும் சாதாரண 32 ஓம் ஹெட்போன் ஒன்றும் இருக்கின்றன. பட்ஜெட் 1500. தேடினால் 150 ரூபாயிலிருந்து வருகிறது, ஒருத்தன் 7.1 என்கிறான், ஒருத்தன் 32 பிட் 384 கிலோஹெர்ட்ஸ் என்கிறான், இதில் எதை நம்புவது என்று தெரியவில்லை. அப்புறம் இன்னொன்று: ஹாலில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் இந்த கம்ப்யூட்டரைக் கொடுத்தால் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் வருகிறது, சவுண்ட் கார்டு வாங்கினால் அதுவும் போய்விடுமா?

டீக்கடை பெஞ்ச்:

ரொம்ப யோசிக்காதீர்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பச்சையும் பிங்க்கும் இரண்டு ஓட்டை வைத்த குட்டி டாங்கிள் 200 ரூபாய்க்குக் கிடைக்கும், மாட்டினால் வேலை முடிந்தது. எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் அதில்தான் பேசுகிறார்கள். மிச்சக் காசுக்கு பிரியாணி.

சாலிடர்காரன்:

பெஞ்ச் சொல்வது கேட்பதற்கு மட்டும் என்றால் சரி. ஆனால் இவர் வகுப்பு எடுக்கிறார். மலிவு டாங்கிள் சறுக்குவது மைக் பக்கத்தில்தான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த 'கீச்' எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முன்பக்க ஜாக்கிலிருந்து ஒரு நீளமான ஒயர் கேபினட்டுக்குள்ளே பவர் சப்ளை, கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் உரசிக்கொண்டு போய் மதர்போர்டின் ஒரு மூலையில் சேர்கிறது. பல மலிவுக் கேபினட்டுகளில் அதற்கு ஷீல்டு ஒழுங்காக இருக்காது. மவுஸ் நகரும்போது, பக்கம் உருளும்போது உள்ளே மின்சாரம் இழுபடுவது மாறும், அந்த மாற்றம் அப்படியே ஒயரில் ஏறிக் காதுக்கு வந்துவிடும். யூஎஸ்பி கார்டில் ஒலி டிஜிட்டலாகவே வெளியே வந்து, கேபினட்டுக்கு வெளியே அனலாக் ஆகிறது. அதனால் உங்கள் கீச்சு பெரும்பாலும் போய்விடும். முடிந்தவரை பின்பக்க யூஎஸ்பி போர்ட்டில் மாட்டுங்கள், அது மதர்போர்டிலேயே இருப்பது.

எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். சிடி என்பதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து வைப்பது. அதில் பாதி வரை, சுமார் 22 கிலோஹெர்ட்ஸ் ஒலி வரை, அதில் பதிவாகும். மனிதக் காது நன்றாக இருந்தாலே 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான், வயதாக ஆக அதுவும் குறையும். 384 எல்லாம் பெட்டியை அலங்கரிக்க. 7.1 அதைவிடக் கூத்து, இரண்டே சேனல் போகிற ஒரு ஜாக்கில் எட்டு சேனல் எப்படி வரும்? மென்பொருளில் கொஞ்சம் எதிரொலி சேர்த்து அப்படி ஒரு பிரமை உண்டாக்குவார்கள், பாட்டுக்கு அதை அணைத்து வைப்பதே நல்லது.

இந்தக் குட்டி டாங்கிள்களில் நல்லதாக இருப்பது பெரும்பாலும் சி-மீடியா கம்பெனியின் சிஎம்108 வகை சிப். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வெளியே ஸ்டீரியோ, உள்ளே மைக் மோனோ. அசல் சிப் இருந்தால் 32 ஓம் ஹெட்போனுக்குத் தாராளம். சிக்கல் என்னவென்றால் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு சரக்கில் இந்த சிப் இருக்கும், அடுத்த சரக்கில் பெயரே இல்லாத கறுப்புப் பொட்டு ஒன்றை ஒட்டி அனுப்பியிருப்பார்கள். வாங்கியதும் டிவைஸ் மேனேஜரில் அதன் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள், 'விஐடி' (VID, தயாரிப்பாளர் எண்) என்பதற்குப் பிறகு 0டி8சி (0D8C) என்றிருந்தால் சி-மீடியா. வேறு ஏதாவது என்றால் குப்பை என்று அர்த்தமில்லை, ஆனால் காது கொடுத்து ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

இப்போது மைக். உங்கள் இயர்போன் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், மைக்கும் ஒலியும் ஒரே பின்னில் என்று அர்த்தம். பச்சை, பிங்க் இரண்டு ஓட்டை டாங்கிளில் அது அப்படியே சேராது. மைக் வேலை செய்யாது, அல்லது இரண்டாகப் பிரிக்கிற ஒரு 'ஒய்' கேபிள் தனியாக வாங்க வேண்டும். ஆகவே ஒரே ஓட்டையில் இரண்டும் வாங்கிக்கொள்கிற கார்டாகப் பாருங்கள். 1500க்குள் என் கை போவது இரண்டில்: ஆப்பிளின் டைப்-சி டு 3.5 மிமீ டாங்கிள், அல்லது யூகிரீன் மாதிரி பெயருள்ள பிராண்டின் ஒற்றை ஜாக் மாடல். ஆப்பிள் என்றதும் முறைக்க வேண்டாம். அது ஒரு முழு சவுண்ட் கார்டு, 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ், மைக்கும் எடுக்கும், விண்டோஸில் டிரைவரே கேட்காது. உங்கள் கம்ப்யூட்டரில் டைப்-சி இல்லையென்றால் சாதாரண யூஎஸ்பியை டைப்-சி ஆக்குகிற ஒரு சின்ன அடாப்டர் போதும். ஒயர் மட்டும் நூல் மாதிரி இருக்கும், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கிரியேட்டிவ் சவுண்ட் பிளாஸ்டர் பிளே 3 இன்னும் நல்ல சாமான், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ், 300 ஓம் ஹெட்போன் வரை தள்ளும் என்கிறார்கள். உங்கள் 32 ஓமுக்கு அவ்வளவு தேவையில்லை, பட்ஜெட்டையும் தாண்டலாம்.

ஹம் விஷயத்துக்குத் தனியாக எழுதுகிறேன், கடையில் ஆள் வந்துவிட்டார்.

ஆல்சா அண்ணாச்சி:

சாலிடர்காரன் சொன்னதோடு ஒன்று. இந்தக் கார்டுகள் எல்லாம் யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்கிற பொது விதிப்படி பேசுபவை, முதல் பதிப்பு 1998லேயே வந்துவிட்டது. அதனால் விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் மாட்டியதும் ஓடும். பெட்டிக்குள் குட்டி சிடி வந்தால் குழந்தையிடம் விளையாடக் கொடுங்கள், டிரைவர் என்று சொல்லி எங்கிருந்தோ ஒன்றை இறக்கிப் போடாதீர்கள். இரண்டாம் பதிப்பு தேவைப்படுகிற பெரிய டேக் (DAC, டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்குகிற பெட்டி) எல்லாம் விண்டோஸில் டிரைவர் இல்லாமல் ஓடத் தொடங்கியது 2017ல், 1703 அப்டேட்டில். உங்கள் விலைக்கு அந்தக் கவலையே இல்லை.

லினக்ஸில் சிஎம்108 வைத்திருப்பவர்கள் ஒலி அளவுகளை மாற்றுகிற ஆல்சாமிக்சரைத் திறந்து 'ஆட்டோ கெயின் கன்ட்ரோல்' என்பதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் நீங்கள் பேச்சை நிறுத்திய அடுத்த நொடியே மைக்கின் சத்தம் தானாக ஏறி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் வரை வகுப்புக்குள் வந்துவிடும்.

விண்டோஸில் இதற்கு ஒரு சகோதரன் உண்டு. சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் கம்யூனிகேஷன்ஸ் என்று ஒரு தாவல் இருக்கும், அதில் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறை என்பதுதான் வழக்கமாகத் தேர்வாகியிருக்கும். வகுப்பில் வீடியோ போட்டுக் காட்டும்போது சத்தம் திடீரென்று கீழே போவதற்குப் பல நேரம் அதுதான் காரணம், எதுவும் செய்யாதே என்று மாற்றி வையுங்கள்.

வில்லிசை ரசிகன்:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். அப்பா பதிவு செய்து வைத்த கோவில்கொடை வில்லுப்பாட்டு கேசட்டுகள் ஒரு டிரங்குப்பெட்டி நிறைய இருக்கின்றன, நாடா ஒட்டிக்கொள்வதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். டெக் இன்னும் ஓடுகிறது. அதற்கும் இந்த 200 ரூபாய் டாங்கிள் போதுமா அண்ணா?

சாலிடர்காரன்:

போதாது தம்பி. அந்த பிங்க் ஓட்டை மைக்குக்கானது, சில மில்லிவோல்ட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். டெக்கின் லைன் அவுட், அதாவது ஆம்ப்ளிஃபயருக்கு ஒலி கொடுக்கிற ஓட்டை, அதைப்போல நூறு மடங்குக்கு மேல் கொடுக்கும், நேரே கொடுத்தால் குடத்தின் தாளமும் உடுக்கையும் வருகிற இடமெல்லாம் கரகரவென்று கிழிந்துவிடும். ஆடாசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருளில் பார்த்தால் அலையின் தலை மேலும் கீழும் கத்தரித்த மாதிரி தட்டையாக இருக்கும், அப்படிப் பதிவானதைப் பிறகு எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது. மோனோ வேறு.

உங்களுக்கு அந்த லைன் அவுட்டை வாங்கிக்கொள்கிற லைன் இன் உள்ள கார்டு வேண்டும். பெஹ்ரிங்கர் யூசிஏ202 அல்லது யூசிஏ222 பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், நிறம்தான் வேறு. டெக்கில் இருக்கிற மாதிரி சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஓட்டைகள் உள்ளேயும் வெளியேயும், ஸ்டீரியோ, 16 பிட் 48 கிலோஹெர்ட்ஸ். கேசட்டில் இருப்பதைவிட அது நிறையவே அதிகம், இதற்கு மேல் பணம் போடுவது வீண். மைக் மட்டும் அதில் மாட்ட முடியாது. கார்டு வாங்குவதற்கு முன்னால் டெக்கின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள், பழுப்பாகக் கறை வந்தால் அது வருவது நிற்கிறவரை துடையுங்கள். அந்தக் கறையோடு பதிவு செய்தால் எந்தக் கார்டு வைத்தாலும் மங்கலாகத்தான் இருக்கும்.

காவிரிக்கரையான் சார், ஹம் விஷயம். சவுண்ட் கார்டு வாங்கினால் போகாது. கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், ஆம்ப்ளிஃபயருக்கு வேறு பிளக்கில் ஒரு எர்த், நடுவே ஆடியோ ஒயர், மூன்றும் சேர்ந்து ஒரு வட்டம் போட்டுவிடுகிறது, ஹம் அதிலிருந்துதான் வருகிறது. யூஎஸ்பி கேபிளிலும் அதே எர்த்தான் (கிரவுண்டு) ஓடுகிறது, கார்டு வெளியே வந்தாலும் வட்டம் உடையாது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டுப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரில் செட்டாப் பாக்ஸ் இணைத்திருந்தால் அதன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள், பல வீட்டில் அதோடு நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று 3.5 மிமீ ஒயரின் நடுவே மாட்டுகிற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் டப்பா ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பேஸ் கொஞ்சம் குறையலாம், ஹம்முக்கு அது தேவலை. யாராவது எலக்ட்ரீஷியன் வந்து மூன்றாவது பின்னை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஹம் போகும், கூடவே ஷாக்குக்கு இருந்த ஒரே பாதுகாப்பும் போகும்.

டீக்கடை பெஞ்ச்:

நூறு மாணவன் முன்னால் பேசுகிற ஆளுக்கு இயர்போன் மைக்கே எதற்கு? மூன்றாயிரம் சேர்த்து, கீழே ஹெட்போன் ஜாக் உள்ள யூஎஸ்பி மைக் வாங்கினால் அதுவே சவுண்ட் கார்டு, அதுவே மைக். இதையும் சொல்லிவிடுங்கள்.

சாலிடர்காரன்:

பிரியாணிக்காரர் சொன்னாலும் நல்ல யோசனை. பட்ஜெட் இரட்டிப்பாகிற நாளில் அதைத்தான் வாங்க வேண்டும், வெறும் கார்டுக்கு மூன்றாயிரம் போடக் கூடாது. மேசையில் வைக்கிற மைக்குக்கு அறை எதிரொலிக்காமல் இருக்க வேண்டும், டைல்ஸ் போட்ட காலி அறை என்றால் வாய்க்குப் பக்கத்தில் தொங்குகிற இயர்போன் மைக்கே தெளிவாக இருக்கும்.

காவிரிக்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. என் அறை டைல்ஸ்தான், நூறு மாணவனும் இல்லை, பத்துப் பேர். செட்டாப் பாக்ஸ் கேபிளைக் கழற்றியதும் ஹம் நின்றுவிட்டது, அதற்குக் காசு மிச்சம். ஆப்பிள் டாங்கிளும் ஒரு அடாப்டரும் சொல்லியிருக்கிறேன். ஒரே சந்தேகம், இதை வேறு வேறு போர்ட்டில் மாற்றி மாட்டினால் ஒன்றும் ஆகாதே?

ஆல்சா அண்ணாச்சி:

ஒன்றும் ஆகாது, ஆனால் விண்டோஸ் சில நேரம் அதைப் புது சாதனம் என்று நினைத்து மைக் அளவை எல்லாம் பழையபடி ஆக்கிவிடும். ஒரே போர்ட்டில் விட்டுவிடுங்கள். முதல் வகுப்புக்கு முன்னால் கூகுள் மீட்டின் அமைப்புகளுக்குள் போய் மைக், ஸ்பீக்கர் இரண்டிலும் இந்த டாங்கிளைத் தேர்ந்தெடுங்கள், விட்டுவிட்டால் பழைய இரைச்சல் மைக்கிலேயே பேசிக்கொண்டிருப்பீர்கள்.