எக்ஸ்போர்ட் செய்யும்போது பிராசசர் 98 டிகிரி: பேஸ்ட்டா, கூலரா, வெயிலா?

செல்லூர் ஆல்பம்:
அனைவருக்கும் வணக்கம். செல்லூரில் திருமண ஆல்பம் வடிவமைப்பும் வீடியோ எடிட்டிங்கும் செய்து வருகிறேன். கணினியில் இன்டெல் கோர் ஐ5-10400 பிராசசரும், அதன் பெட்டியிலேயே வந்த கூலரும் உள்ளன. சித்திரை பிறந்ததிலிருந்து, வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யத் தொடங்கிய சில நொடிகளிலேயே வெப்பநிலை 98 டிகிரியைத் தொடுகிறது. 4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய பிராசசர் 3-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. நண்பகலில் கடைக்குள் 36 டிகிரி இருக்கிறது, ஏசி கிடையாது. அடுத்த கட்டடத்தில் விசைத்தறி ஓடுவதால் பஞ்சுத் தூசுக்கும் குறைவில்லை. பழுது பார்ப்பவர் லிக்விட் கூலர் (திரவத்தைச் சுற்றவிட்டுக் குளிர்விப்பது) வாங்கச் சொல்கிறார். வைகாசி முகூர்த்த வேலைகள் கையில் இருக்கின்றன. அந்தச் செலவைச் செய்வதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருநகர் ஹார்டுவேர்:
இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் ஐயா. நீங்கள் எழுதியதில் "சில நொடிகளிலேயே" என்பதுதான் முக்கியமான தகவல். ஹீட்சிங்க், அதாவது கூலரில் ஃபேனுக்குக் கீழே இருக்கும் உலோகத் தகடுகள், பிராசசரின் மேல் சரியாக அமர்ந்திருந்தால், அந்த அலுமினியக் கட்டி முழுவதும் சூடேற வேண்டியிருப்பதால் வெப்பநிலை நிமிடக் கணக்கில்தான் மெல்ல ஏறும். தூசு அடைத்திருந்தாலும், கேபினெட்டுக்குள் காற்றோட்டம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் மெதுவாக ஏறும். தொடங்கிய உடனே உச்சத்துக்குத் தாவுகிறது என்றால், பிராசசரின் சூடு ஹீட்சிங்க்குக்குப் போய்ச் சேரவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருளில் 98 டிகிரி காட்டிக்கொண்டிருக்கும்போதே, ஃபேனில் விரல் படாமல் ஹீட்சிங்க்கின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். அது வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் தொடர்பு விட்டிருக்கிறது; கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் காற்று போதவில்லை.

இன்டெல் பெட்டிக் கூலரை மதர்போர்டில் பிடித்திருப்பவை நான்கு பிளாஸ்டிக் பின்கள்தாம். கேபினெட்டைத் தூக்கி வைக்கும்போதோ நாள்பட்டோ அவற்றில் ஒன்று மேலே கிளம்பினால்கூட அந்தப் பக்கம் ஹீட்சிங்க் தூக்கிக்கொள்ளும். கழற்றும்போது பின்னின் தலையை அம்புக்குறி காட்டும் திசையில் திருப்பி மேலே இழுக்க வேண்டும். பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும்; அதை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவுக்குப் புதிய பேஸ்ட் வைத்தால் போதும், விரலால் தடவத் தேவையில்லை. மாட்டும்போது நான்கு தலைகளையும் அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் திருப்பி வைத்துக்கொண்டு, எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டு பின்களைச் சேர்த்து, சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள். பிறகு மதர்போர்டின் பின்புறம் டார்ச் அடித்து, நான்கு துளைகளிலும் பின் முழுவதும் வெளியே வந்து கால்கள் விரிந்திருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். அவசரத்தில் பலரும் விட்டுவிடும் வேலை இதுதான்.

ஒத்தக்கடை வாசி:
மேலே சொன்னதை முதலில் செய்யுங்கள். அதன் பிறகும் 90-ஐ ஒட்டி நின்றால் பயாஸையும் (மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் திரை) பார்க்க வேண்டும். இந்தப் பிராசசருக்கு இன்டெல் வகுத்த நீடித்த மின்வரம்பு 65 வாட். குறுகிய நேரத்துக்கு மட்டும், ஏறத்தாழ 28 நொடிகளுக்கு, 134 வாட் வரை போகலாம். ஆனால் சில மதர்போர்டுகள் இந்த வரம்பைத் தளர்த்தியே விற்பனைக்கு வருகின்றன. பெட்டிக் கூலர் 65 வாட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பதால், மணிக்கணக்காக எக்ஸ்போர்ட் ஓடும்போது அதனால் ஈடுகொடுக்க முடியாது. வரம்பை 65-க்குக் கொண்டுவந்தால் வேகம் சற்றுக் குறையும். ஆயினும் சூட்டால் ஏறியும் இறங்கியும் தடுமாறுவதைவிட ஒரே சீராக ஓடுவது மேல்.

வெயிலின் பங்கையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றால் குளிர்விக்கும் எந்தக் கூலரும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே பிராசசரைக் கொண்டுபோக முடியாது. மார்கழியில் 26 டிகிரியாக இருந்த அறை இப்போது 36 ஆகியிருந்தால், அதே வேலைக்கு பிராசசரும் ஏறக்குறைய பத்து டிகிரி கூடுதலாகவே காட்டும். லிக்விட் கூலர் வாங்கினாலும் அதன் ரேடியேட்டர் உறிஞ்சப்போவது அதே அறைக் காற்றைத்தான்.

செல்லூர் ஆல்பம்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஹீட்சிங்க் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. திறந்து பார்த்ததில், பவர் சப்ளை பக்கத்து மூலைப் பின் பாதி வெளியே நின்றது. பேஸ்ட் சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. ஃபேனைக் கழற்றியபோது, தகடுகளின் மேல் பஞ்சு ஒரு கம்பளித் துண்டாகவே படிந்திருந்தது, அப்படியே உரித்தெடுக்க முடிந்தது. எல்லாம் முடித்து வரம்பையும் 65 ஆக்கிய பின், இன்று மதியம் எக்ஸ்போர்ட்டின்போது 76-ஐத் தாண்டவில்லை. இனிப் பக்கவாட்டு மூடியைக் கழற்றியே வைத்துவிடலாமா?

திருநகர் ஹார்டுவேர்:
உங்கள் இடத்துக்கு அது வேண்டாம். மூடியைத் திறந்தால் சில டிகிரி குறையலாம், ஆனால் பஞ்சு நேராக உள்ளே இறங்கும். முன்பக்கக் காற்றுவழியில் கழுவி மாட்டக்கூடிய மெல்லிய வலை ஒன்றைப் பொருத்தி, வாரம் ஒருமுறை தட்டிவிடுங்கள். கேபினெட்டை மேசையின் அடைப்புக்குள் வைத்திருந்தால் வெளியே எடுத்து, பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் கட்டுக்கடங்காமல் சுற்றவிட்டால் பேரிங் கெட்டுவிடும்.