"டிஎன்ஏ சோதனை செய்த ரோகு" என்றால் என்ன பொருள்?

கேள்வி: பண்ணைக்குட்டை (தஞ்சாவூர் மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். ஒன்றரை ஏக்கர் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து வளர்த்து வருகிறேன். சென்ற ஆடி மாதம் ஒரு தனியார் பொரிப்பகத்தில் "டிஎன்ஏ சோதனை செய்த ரோகு" என்று சொல்லி, வழக்கத்தைவிடக் கூடுதல் விலைக்கு விரலளவுக் குஞ்சுகள் கொடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து வலை போட்டுப் பார்த்தால், ஒரே நாளில் விட்ட குஞ்சுகளில் சில முக்கால் கிலோவைத் தொட்டிருந்தன, சில கால் கிலோகூட வரவில்லை. நான்கைந்து மீன்களுக்குத் தலை பெருத்து, உடல் கட்லாவைப் போல அகன்றிருந்தது. இந்தச் சோதனை உண்மையில் எதைக் காட்டும்? மரபணு வரைபடம் என்கிறார்களே, அதனால் மீன் வேகமாக வளருமா?

பதில்: மீன் மரபியல் ஆய்வு மாணவி

ஐயா, சோதனை செய்வதாலேயே எந்த மீனும் கூடுதலாக வளர்ந்துவிடாது. டிஎன்ஏ குறியீடு என்பது டிஎன்ஏவில் மீனுக்கு மீன் வேறுபடும் ஓர் இடம், அவ்வளவுதான். அந்த வேறுபாட்டை வைத்துப் பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் பயன் கிடைக்கிறது.

புவனேசுவரத்தில் உள்ள நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் நார்வே நாட்டு வல்லுநர்களுடன் சேர்ந்து 1992-ல் நன்கு வளரும் ரோகுவைப் பெற்றோராகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கும் பணியைத் தொடங்கியது. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகிய ஆறுகளிலிருந்து கொண்டுவந்த மீன்களோடு உள்ளூர்ப் பண்ணை மீன்களையும் சேர்த்துத்தான் அடித்தளம் அமைத்தார்கள். 1997-ல் வெளிவந்த ஜெயந்தி ரோகு அதன் விளைவு. தலைமுறைக்குச் சராசரியாகச் சுமார் 17 விழுக்காடு வளர்ச்சி கூடியது. இதற்குக் குறியீடு தேவைப்படவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் குஞ்சுகளையும் தனித்தனிக் குட்டையில் வளர்த்து, ஓரளவு பெரிதானதும் அரிசியைவிடச் சற்றே நீளமான ஓர் அடையாள மின்னணுச் சில்லை வயிற்றுக்குள் செலுத்தி, அதன் பிறகே ஒன்றாக விட்டு எடை பார்த்தார்கள். தனிக் குட்டைகளின் தண்ணீரும் தீவனமும் ஒன்றுபோல் இருக்காது என்பதால், மீனின் எடையில் எது பரம்பரை, எது குட்டையின் கொடை என்று பிரித்தறிவது கடினம். குறியீடுகள் இருந்தால் முதல் நாளிலிருந்தே எல்லாக் குஞ்சுகளையும் ஒரே குட்டையில் வளர்த்து, பிறகு துடுப்பின் ஓரத்தைச் சிறிது நறுக்கித் தாய் தந்தையைக் கண்டறிந்துவிடலாம்.

மரபணு வரைபடம் என்பது குறியீடுகள் குரோமோசோம்களில் எந்த வரிசையில் உள்ளன என்று காட்டுவது. அது நோயில்தான் அதிகம் உதவும் என்பது என் கருத்து. வளர்ச்சியைத் தராசில் பார்த்துவிடலாம், மீன்களுக்கு நோய் தரும் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியக் கிருமியைத் தாங்கும் திறனை அப்படிப் பார்க்க முடியாது. கிருமியைச் செலுத்திப் பிழைத்த மீனைத் தாய்மீன் குட்டைக்குத் திருப்பி விடுவது ஆபத்து என்பதால், அதன் உடன்பிறப்புகளைச் சோதித்துக் குடும்பத்தின் திறனை மட்டுமே மதிப்பிடுகிறோம். ஆனால் ஒரே குடும்பத்துக்குள்ளும் ஒரு மீன் தாங்கும், இன்னொன்று தாங்காது. 2014-ல் ரோகுவுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஒற்றையெழுத்து வேறுபாடுகளை (டிஎன்ஏவில் ஓர் எழுத்து மட்டும் மாறும் குறியீடுகள்) அதன் 25 குரோமோசோம் இணைகளுக்கு ஈடான 25 தொகுதிகளில் வரிசைப்படுத்திய வரைபடம் வெளியானது. இக்கிருமியைத் தாங்கும் திறனோடு தொடர்புள்ள இடங்களும் அதில் தேடப்பட்டன. அத்தகைய இடங்கள் உறுதியானால், கிருமியையே பார்த்திராத மீனையும் அதன் துடுப்புத் துண்டைக் கொண்டு தேர்ந்தெடுக்க இயலும். எனினும் அப்படி ஓர் இடத்தின் பங்கு பெரும்பாலும் சிறியதே. ஆகவே ஒரு குறியீட்டை நம்பி யாரேனும் விற்றால் தயங்குங்கள்.

பதில்: பொரிப்பகம் நடத்துபவர்

நண்பரே, தலை பெருத்த மீன்கள் கட்லா-ரோகு கலப்பினமாக இருக்க வாய்ப்பு மிகுதி. இரண்டு இனங்களுக்கும் ஒரே இரவில் முட்டையிடத் தூண்டும் ஊசி போட்டு, ஒரே வட்டத் தொட்டியில் விட்டுவிடும் அவசரத்தில் இது நேர்கிறது. இக்கலப்பினங்கள் மலடல்ல என்பதுதான் தொல்லை. அவற்றையே அறியாமல் தாய்மீனாக வைத்துக்கொண்டால் அடுத்த தலைமுறையும் கலங்கிவிடும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே வருவதால் தாயின் இனத்தை மட்டுமே சொல்லும் என்பதால், கலப்பை உறுதிசெய்ய உட்கரு டிஎன்ஏவில் இரண்டு இனங்களின் குறியீடுகளும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கேளுங்கள். ஒரு கிலோ எடையுள்ள பெண் ரோகு இரண்டு முதல் மூன்று லட்சம் முட்டைகள் இடும் என்பதால், சில மீன்களே போதும் என்று எங்களில் பலர் நினைத்துவிடுகிறோம். ஐந்து ஆண், இருபது பெண் என்று வைத்தால், மரபியல் கணக்கில் அது பதினாறு மீன்களுக்குத்தான் சமம். ஒவ்வொரு தலைமுறையிலும் உட்கலப்பு, அதாவது நெருங்கிய உறவு மீன்கள் இணைவதன் விளைவு, சுமார் 3 விழுக்காடு ஏறும். இருபதுக்கு இருபது வைத்தால் அது 1.25 விழுக்காடாகக் குறையும். நானே பல ஆண்டுகள் ஆண் மீன்களைக் குறைத்து வைத்திருந்து, குஞ்சுகளில் முதுகு வளைந்தவை பெருகிய பிறகே திருத்திக்கொண்டேன்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. சோதனைச் சீட்டு எதுவும் எனக்குத் தரப்படவில்லை. என் குட்டையில் உள்ள அந்த மீன்களை இப்போது சோதிக்க முடியுமா?

பதில்: மீன் மரபியல் ஆய்வு மாணவி

முடியும், ஐயா. பெரிய தலை மீன்களிலும் சரியான ரோகு என்று தோன்றுபவற்றிலும் வால் துடுப்பின் நுனியில் நகக்கண் அளவு நறுக்கி, ஒவ்வொன்றையும் தனிப் புட்டியில் சுத்தமான எத்தில் ஆல்ககாலில் இட்டு, எடையையும் தேதியையும் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்ககாலில் கரைந்துவிடும். ஒரு மீனுக்கும் அடுத்ததற்கும் இடையில் கத்தரிக்கோலைத் துடைத்து நெருப்பில் காட்டுங்கள். ஃபார்மலினில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அது டிஎன்ஏவைச் சிதைத்துவிடும்.