ட்ராக்கை முழுக்க இறுக்கியும் நரம்பு ஓடுது, சத்தமே இல்லை: தூண்டில் ரீல் கோளாறா?

கழிமுகத்தான் (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. மூணு வாரமா இது மண்டையைக் குடையுது. அனுபவம் உள்ளவங்க யாராவது வழி சொல்லுங்க.

என்கிட்ட இருக்கிறது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல், 8 அடி ராடு. 20 பவுண்டு தாங்குற பிரெய்டு (பின்னல்) நரம்பு. முனையில ஒரு மீட்டர் நீளத்துக்கு 40 பவுண்டு நைலான் லீடர் (முன் நரம்பு). எல்லாமே புதுசு. அஞ்சு தடவைதான் தண்ணிக்கு எடுத்துட்டுப் போயிருக்கேன்.

ஆறு கடலோட சேர்ற இடத்துல, ஓதம் (கடல் ஏற்றம்) வடியத் தொடங்கின நேரம், பாறை நுனியில நின்னு மீன் வடிவ லூர் (போலி இரை) போட்டுட்டு இருந்தேன். நாலாவது வீச்சுல பலமா ஒரு இழுப்பு. மீன் தண்ணிக்கு மேல எகிறித் தலையை உதறுச்சு, வெள்ளி மாதிரி மின்னுச்சு. கொடுவாதான், சந்தேகமே இல்லை. நேரா பாறை இடுக்கைப் பார்த்து ஓட ஆரம்பிச்சது. தடுக்கணும்னு ட்ராக்கை (நரம்பு ஓடாம இழுத்துப் பிடிக்கிற ரீல் பிரேக்கை) கடைசி வரைக்கும் திருகிட்டேன். ஆனாலும் நரம்பு போய்க்கிட்டே இருந்தது. வழக்கமா வர்ற கிர்ர்ங்கிற சத்தம் துளிகூட வரலை. ராடும் சரியா வளையலை. கைப்பிடியைச் சுத்தினா வெறும் காத்துல சுத்துற மாதிரி இருந்தது, ஒரு அடி நரம்புகூட உள்ளே வரலை. கொஞ்ச நேரத்துல எல்லாம் தளர்ந்து போச்சு. இழுத்துப் பார்த்தா லீடர் பாதியில அறுந்திருக்கு, அறுந்த இடம் வெள்ளையா உரசிப் போயிருந்தது.

அன்னையிலேர்ந்து இன்னொரு தொல்லையும் சேர்ந்துக்கிச்சு. மூணு நாலு வீச்சுக்கு ஒரு தடவை ஸ்பூல்லேர்ந்து (நரம்பு சுத்தியிருக்கிற உருளை) நரம்பு வளையம் வளையமா மொத்தமாப் பாய்ந்து முதல் ராடு வளையத்துல சிக்கி முடிச்சு விழுது. நரம்பைத் தளர்த்திப் பிடிச்சா தானாவே முறுக்கிக்கிட்டு சுருளுது.

ட்ராக் வாஷர் போயிடுச்சா? நரம்பு மட்டமானதா? ரீலை மாத்திடலாமான்னு தோணுது. அந்த மீனை நினைச்சா இன்னும் மனசு ஆறலை.

பழைய ராடு:

தம்பி, மீன் போனது வலிக்கத்தான் செய்யும். ரீலை மாத்துற யோசனையை மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க. முதல்ல ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்க.

ஒண்ணு: நரம்பு ஓடினப்போ கைப்பிடி பின்பக்கமாச் சுத்துச்சா? அப்படின்னா பின்னோக்கிச் சுத்தாமத் தடுக்கிற பேரிங் நழுவுது. அதிகமா எண்ணெய் விட்டா அந்த பேரிங் வழுக்கும்.

ரெண்டு: ட்ராக் குமிழுக்குக் கீழே இருக்கிற வாஷர்ல எண்ணெயோ உப்புத் தண்ணியோ இறங்கியிருக்கா? இறங்கியிருந்தா எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது.

எனக்கு ரெண்டாவது மேலதான் சந்தேகம். கடல்லேர்ந்து வந்ததும் ரீலைக் குழாய்க்குக் கீழே பிடிச்சுக் கழுவுறீங்களா? கழுவுறதுக்கு முன்னாடி ட்ராக்கை இறுக்கிடணும், அப்பத்தான் தண்ணி உள்ளே போகாது. காய்ஞ்ச பிறகு தளர்த்தி வைக்கணும். நிறையப் பேர் தலைகீழாப் பண்றாங்க.

கழிமுகத்தான்:

அண்ணா, கைப்பிடி பின்னாடி சுத்தலை, நல்லா கவனிச்சேன். வாஷரைக் கழட்டிப் பார்த்தேன், காய்ஞ்சு சுத்தமாத்தான் இருக்கு. கையால ஸ்பூலைச் சுத்தினா கிர்ர் சத்தமும் ஒழுங்கா வருது.

நூல்கண்டு:

கடைசியாகச் சொன்னீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. கையால் சுற்றினால் சத்தம் வருகிறது, மீன் இழுத்தபோது வரவில்லை. அந்தச் சத்தம் ஸ்பூல் சுழன்றால் மட்டுமே வரும். வாஷர் கெட்டிருந்தால்கூட ஸ்பூல் சுழன்றுதான் நரம்பு போயிருக்கும், சத்தமும் கேட்டிருக்கும். அப்படியானால் நரம்பு போனபோது ஸ்பூல் சுழலவே இல்லை என்றுதான் அர்த்தம். ஸ்பூல் நின்ற இடத்தில் நின்றிருக்க, அதன்மேல் சுற்றியிருந்த நரம்பு மொத்தமும் ஒரு வளையல் கையில் சுழல்வது போலச் சுழன்றிருக்கிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்பூலின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பெயிலை (நரம்பைப் பிடித்துச் சுற்றும் கம்பி வளையத்தை) மூடி, ட்ராக்கை முழுவதும் இறுக்குங்கள். நரம்பு முனையை ஒரு குச்சியில் நாலு சுற்றுச் சுற்றி நிதானமாக இழுங்கள். வெறுங்கையில் சுற்றாதீர்கள், பிரெய்டு கத்தி மாதிரி வெட்டும். புள்ளி நகராமல் நரம்பு மட்டும் வந்தால் உங்கள் ரீலில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நரம்பு சுற்றியபோது அடியில் நைலான் போட்டீர்களா, பிரெய்டையே நேராக ஸ்பூலில் கட்டினீர்களா?

கழிமுகத்தான்:

சோதனை பண்ணிட்டேன். புள்ளி அசையவே இல்லை! நரம்பு பாட்டுக்கு வருது. ரெண்டு கையாலயும் ஸ்பூலை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, வீட்டுல ஒருத்தரை இழுக்கச் சொன்னேன். என் விரலுக்குக் கீழேயே நரம்பு அப்படியே வட்டமா நகருறது தெரிஞ்சது. இதை இத்தனை நாளா கவனிக்காம இருந்திருக்கேன்.

ஆமா, பிரெய்டை நேரா ஸ்பூல்லயே கட்டினேன். அடியில எதுவும் போடலை. போடணும்னு தெரியாது.

நூல்கண்டு:

அப்படியானால் உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான்.

நைலான் கொஞ்சம் நீளும் தன்மை உள்ளது. இழுத்துச் சுற்றினால் ஸ்பூலைச் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். பிரெய்டு பாலிஎத்திலீன் இழைகளால் பின்னியது. நீளாது, அதோடு மேற்பரப்பும் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும். வழவழப்பான உலோக ஸ்பூலில் அதற்குப் பிடிமானமே கிடையாது. முதல் முடிச்சு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அந்த முடிச்சும் சேர்ந்தே வழுக்கிச் சுழலும்.

முறுக்கு எங்கிருந்து வந்தது? நான் இருபது வருடம் நூற்பாலையில் இருந்தவன், எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். அசையாமல் நிற்கும் நூல்கண்டின் நுனியிலிருந்து நூலை உருவினால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முறுக்கு ஏறும். ஸ்பின்னிங் ரீலும் இதே தத்துவம்தான். 1905-இல் இந்த வகை ரீலுக்குக் காப்புரிமை வாங்கிய ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் இங்கிலாந்தில் ஆலைத் தொழில் செய்தவர். இதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சுற்றும்போது ஏறும் முறுக்கு வீசும்போது இறங்கிவிடும், கணக்கு நேராகிவிடும்.

கைப்பிடியைச் சுற்றியும் நரம்பு உள்ளே வராவிட்டால் அந்தக் கணக்கு உடைகிறது. உங்கள் ரீலில் கியர் விகிதம் 5.2:1 என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ரோட்டர் (ஸ்பூலைச் சுற்றி வந்து நரம்பைச் சுற்றும் பாகம்) ஐந்து முறைக்கு மேல் சுழலும், சுழலும் ஒவ்வொரு முறையும் நரம்பில் ஒரு முறுக்கு. மீன் ஓடியபோது நீங்கள் பதற்றத்தில் பத்துச் சுற்றுச் சுற்றியிருந்தால் 52 முறுக்கு. அது எந்த வீச்சிலும் இறங்காது. அந்த முறுக்குதான் இப்போது வளையமாகப் பாய்கிறது. ட்ராக் நழுவும்போது கைப்பிடியைச் சுற்றினாலும் இதே கதிதான். மீன் நரம்பை எடுக்கும்போது கையை நிறுத்துங்கள். அது நின்றதும் ராடை மேலே தூக்கி, இறக்கும்போது மட்டும் சுற்றுங்கள்.

விரால் பித்தன்:

நூல்கண்டு அண்ணா சொல்றது நூத்துக்கு நூறு. எனக்கும் இதே ஆச்சு, விரால் பிடிக்கிற குளத்துல. தவளை லூரை எடுத்துக்கிட்டுத் தாமரைத் தண்டுக்குள்ள பூந்துடுச்சு. நான் ஸ்பூல்ல இன்சுலேஷன் டேப் ஒரு சுத்து ஒட்டி, அதுமேல பிரெய்டு சுத்தினேன். அஞ்சு நிமிஷ வேலை.

பழைய ராடு:

வாஷர்னு தப்பா வழிகாட்டிட்டேன் தம்பி, நூல்கண்டு சரியாப் பிடிச்சுட்டார். டேப் விஷயத்துல மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. வெயில்ல ராடை வச்சா டேப் பசை இளகி அதுவே வழுக்க ஆரம்பிக்கும். சின்ன மீனுக்குச் சரி, கொடுவாவை நம்பி அந்த டேப்ல போக மாட்டேன். நைலான்தான் என் ஓட்டு. பண்ற முறையைச் சொல்றேன்.

பிரெய்டு முழுசையும் ஒரு காலி பாட்டில்ல சுத்தி எடுங்க. ஸ்பூல்ல 0.30 மில்லிமீட்டர் நைலான் நரம்பை ஒரு 10 மீட்டர் இழுத்து இறுக்கிச் சுத்துங்க. அதோட முனையில பிரெய்டைக் கட்டணும், டபுள் யூனி முடிச்சு போதும். இறுக்குறதுக்கு முன்னாடி எச்சிலோ தண்ணியோ தடவுங்க. காய்ஞ்ச முடிச்சை இழுத்தா உராய்வுச் சூட்டுல நைலான் அங்கேயே பலவீனமாயிடும்.

பிரெய்டை மேலே சுத்துறப்போ ஈரத் துணியில நரம்பைப் பிடிச்சு, ரெண்டு விரலால அழுத்திக்கிட்டே சுத்தணும். தளர்வாச் சுத்தினா பெரிய மீன் இழுக்கிறப்போ மேல் நரம்பு கீழ் அடுக்குக்குள்ள புதைஞ்சு மாட்டிக்கும். ஸ்பூல் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்திடுங்க. அடியில நைலான் வந்ததால பிரெய்டு கொஞ்சம் மிஞ்சும், வெட்டிடுங்க, பரவாயில்லை. வழிய வழிய நிரப்பினா வளையம் பாயற தொல்லை திரும்ப வரும்.

அந்தப் பாட்டில்லேர்ந்து இன்னொரு பாட்டிலுக்கு ஒரு தடவை மாத்திச் சுத்திட்டு ஸ்பூலுக்குக் கொண்டு வந்தா ஒரு லாபமும் இருக்கு. இத்தனை நாள் வெளியே தேய்ஞ்ச பக்கம் அடியில போயிடும், தொடாத பக்கம் மேலே வரும்.

நூல்கண்டு:

சுற்றுவதற்கு முன் முறுக்கை இறக்கிவிடுங்கள். லூர், லீடர் எதுவும் இல்லாமல் வெறும் நரம்பை ஓடும் தண்ணீரில் 50, 60 மீட்டர் விட்டுச் சில நிமிடம் பிடித்திருங்கள். முறுக்கு தானாகக் கழன்றுவிடும். வடியும் ஓதம் அதற்கு மிக நல்லது.

இன்னொரு பழக்கம்: வீசியதும் கைப்பிடியைச் சுற்றிப் பெயிலை மூடாதீர்கள். கையால் மூடி, நரம்பை ஒரு தரம் மெல்ல இழுத்துவிட்டு அப்புறம் சுற்றுங்கள். ஸ்பூல் மேல் தளர்ந்த வளையம் நிற்காது.

கழிமுகத்தான்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. இனிமே ட்ராக்கை எவ்வளவு இறுக்கணும்? முழுக்க இறுக்கினது தப்பா?

பழைய ராடு:

தப்புதான். நரம்பு வழுக்காம இருந்திருந்தா ஏதாவது ஒண்ணு அறுந்திருக்கும். நரம்பு தாங்குற எடையில கால்வாசியிலேர்ந்து மூணுல ஒரு பங்கு வரை வைக்கணும். 20 பவுண்டுன்னா சுமார் 9 கிலோ. அப்போ இரண்டேகால்லேர்ந்து மூணு கிலோ. தொங்கு தராசுல நரம்பைக் கட்டி இழுத்து, அந்த எடையில ஸ்பூல் சுழல ஆரம்பிக்கிற மாதிரி குமிழைத் திருகுங்க. கை மதிப்பை நம்பாதீங்க, என் கையே ஒரு கிலோ தப்புச் சொல்லும்.

மீன் நரம்பை நிறைய எடுத்துடுச்சுன்னா அப்போ இறுக்காதீங்க. ஸ்பூல்ல நரம்புச் சுற்றோட விட்டம் பாதியாக் குறைஞ்சா, அதே குமிழ் நிலையிலயே ட்ராக் இழுவை ரெண்டு மடங்கு ஆகிடும். தளர்த்தத்தான் வேணும்.

லீடரைப் பத்தியும் சொல்லணும். கொடுவாவோட செவுள் மூடி ஓரம் சவரக் கத்தி மாதிரி, வாய் உள்பக்கம் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் லீடரை விரல் நகத்துல ஓட்டிப் பாருங்க. சொரசொரப்பு தட்டினா அந்தத் துண்டை வெட்டி எறிஞ்சிட்டு மறுபடி கட்டுங்க.

விரால் பித்தன்:

பெரிய கொடுவா மாட்டினா தண்ணியிலேயே விட்டுடுங்க ப்ளீஸ். கொடுவா முதல்ல ஆணா வளர்ந்து, பெரிசான பிறகுதான் பெண்ணா மாறும். பெரிசு போச்சுன்னா முட்டை போச்சு. நானும் குளத்துல செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே விரால் காவல் நிக்கிறதைப் பார்த்தா லூர் போட மாட்டேன். காவல் மீனைத் தூக்கினா அத்தனை குஞ்சும் மத்த மீனுக்கு இரை.

கழிமுகத்தான் (ஒன்பது நாள் கழித்து):

நேத்து அதே பாறைக்குப் போனேன். எல்லாம் நீங்க சொன்னபடியே பண்ணியிருந்தேன். முறுக்கு இறக்கினப்போ நரம்பு முனை தண்ணிக்குள்ள சுழன்றதை என் கண்ணாலயே பார்த்தேன், ஒரு நிமிஷத்துக்கு மேல சுழன்றுச்சு. தராசுல ட்ராக் 2.8 கிலோ.

தெளிஞ்ச தண்ணியும் கலங்கின தண்ணியும் சேர்ற கோட்டுல, நுரை நீளமா மிதக்குதே, அது ஓரமாப் போட்டேன். பொழுது சாயுறப்போ ஒரு பாரை மீன் எடுத்தது. ஸ்பூல் அப்படிக் கத்துச்சு! கையை நிறுத்திட்டு அது ஓடி முடியுற வரைக்கும் கேட்டுக்கிட்டே நின்னேன். ரெண்டு கிலோ இருக்கும், மூணு தடவை ஓடிட்டு வந்து சேர்ந்தது. நாற்பது வீச்சுக்கு மேல போட்டேன், ஒரு முடிச்சுகூட விழலை. கொடுவா வரலை, ஆனா அது அங்கேதான் இருக்கு.

ஒரே ஒரு குறை. வீசுறப்போ லீடர் முடிச்சு ராடு வளையத்துல டக்குனு தட்டிட்டுப் போகுது. தூரம் குறையுது.

நூல்கண்டு:

அந்தச் சத்தத்தைக் கேட்டேன் என்று எழுதியதைப் படித்ததும் மனது நிறைந்தது.

முடிச்சுக்கு இரண்டு வழி உண்டு. எஃப்ஜி முடிச்சு கற்றுக்கொண்டால் ஒரு மீட்டர் லீடரோடு வளையத்துக்குள் வழுக்கிப் போகும். பிரெய்டு லீடரைச் சுற்றிப் பின்னிப் பிடிக்கும் முடிச்சு அது, தடிமன் இருக்காது. கை பழக ஒரு வாரம் ஆகும், வீட்டில் உட்கார்ந்து கட்டிப் பழகுங்கள். அதுவரை லீடரை 60 சென்டிமீட்டராகக் குறைத்து, வீசும்போது முடிச்சு நுனி வளையத்துக்கு வெளியே நாலு விரல் தள்ளித் தொங்கும்படி வைத்து வீசுங்கள்.