சிறிய பாரில் பேண்ட் பதிவு: ஆறடி என்று யார் சொன்னது?

கொழிஞ்சாம்பாறை மைக்செட்:
"சிறிய பாரில் லைவ் பேண்டைப் பதிவு செய்ய ஆறடி தள்ளி இரண்டு மைக் போதும். டிரம்ஸுக்கு மூன்று, கிட்டாருக்கு ஒன்று, பேஸ் கிட்டாருக்கு ஒன்று என்று அடுக்குகிறவர்கள் வாடகைக்காக அடுக்குகிறார்கள்." தத்தமங்கலத்துத் தம்பி நேற்று எழுதியது இது. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. முப்பத்தொரு வருடமாக மைக்செட் தொழிலில் இருக்கிறேன். வாடகைக்காக ஒரு மைக் கூடுதலாக வைத்தவன் என்று கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் வரை ஒருவனைக் காட்டச் சொல்லுங்கள்.

அவர் சொல்லும் பார் எது என்று எனக்குத் தெரியும். நானும் அங்கே பதிவு செய்திருக்கிறேன். 20 அடிக்கு 30 அடி, உயரம் 10 அடி. தரை கிரானைட். கவுண்டருக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கண்ணாடி. மூலையில் டிரம்ஸ், அதை ஒட்டிப் பியர் பெட்டியின்மேல் பேஸ் கிட்டாரின் ஆம்ப்ளிஃபயர். பாடுகிற பெண்ணின் முதுகுக்கும் டிரம்ஸின் வெண்கலத் தட்டான சிம்பலுக்கும் நடுவே இரண்டு முழம்கூட இல்லை. அங்கே ஆறடி தள்ளினால் மேஜைதான் இருக்கிறது. மேஜையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டு எங்கேயோ கேட்கும், யார் எத்தனை பிளேட் வறுவல் கேட்டார்கள் என்பது தெளிவாகக் கேட்கும்.

ஆறடி என்று யார் சொன்னது? எந்தக் கணக்கு?

தத்தமங்கலம் கிட்டார்:
நான்தான் சொன்னேன். காதால் கேட்டுச் சொன்னேன். அதே பாரில் சென்ற மாதம் ஒரே ஸ்டாண்டில் இரண்டு கார்டியாய்டு மைக் (முன்னால் வரும் ஒலியை அதிகமாக வாங்கும் வகை) வைத்தேன். 17 செ.மீ. இடைவெளி, 110 பாகை விரிவு. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் உருவாக்கிய முறை. ஆறடி. பதிவைக் கேட்டால் நான்கு பேரும் எந்த இடத்தில் நின்று வாசித்தார்களோ அந்த இடத்திலிருந்தே கேட்கிறார்கள்.

அண்ணன் அங்கே எட்டு மைக் வைத்தார். எட்டிலும் டிரம்ஸ்தான் விழுந்தது. பாடகியின் மைக்கில் சிம்பல், கிட்டார் மைக்கில் ஸ்நேர் என்ற சிறிய முரசு. ஒரே அடி எட்டு மைக்கிலும் எட்டு வேறு நேரங்களில் வந்து சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கடைசியில் டிரம்ஸ் தகர டின் போல ஒலித்தது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். அறையைக் குறை சொல்லாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை மைக்செட்:
தம்பி, அந்தப் பதிவில் டிரம்ஸ் தகர டின்னாகக் கேட்டதற்குக் காரணம் அந்த டிரம்ஸ். தோல் மாற்றி எத்தனை வருடம் ஆகிறது என்று அடித்தவரைக் கேளுங்கள். நான் வைத்தது ஸ்நேரின் விளிம்புக்கு இரண்டு அங்குலத்தில் ஒன்று, காலால் அடிக்கும் கிக் டிரம் உள்ளே ஒன்று, தலைக்கு மேலே ஒன்று. பாடகிக்கு ஷூர் எஸ்எம்58. 1966-இல் வந்த மைக், இன்றும் மேடையில் நிற்கிறது. அதன் பின்பக்கம்தான் காது கேளாத பக்கம். அந்தப் பக்கத்தை, பாடகிக்குப் பாட்டைக் கேட்கவைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை நோக்கித் திருப்பி வைத்தேன். இதெல்லாம் ஆறடியில் நின்று செய்யக்கூடிய வேலையா?

பொள்ளாச்சி டிரம்ஸ்:
அந்த டிரம்ஸ் என்னுடையது. தோல் மாற்றி நான்கு மாதம்தான் ஆகிறது. அன்று ஸ்நேருக்கு இரண்டு அங்குலத்தில் மைக் வைத்துவிட்டு, நான் மூன்றாவது பாட்டில் அதைக் குச்சியால் தட்டிவிட்டேன் என்று எல்லோர் முன்பும் திட்டியவர் இவர். குச்சி போகும் வழியில் மைக்கை நீட்டினால் படாமல் என்ன செய்யும்?

கொழிஞ்சாம்பாறை மைக்செட்:
தட்டியதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. அன்று இல்லை என்று சாதித்தீர்கள்.

மீனாட்சிபுரத்துப் பொறியாளர்:
கணக்கு கேட்டீர்கள், சொல்கிறேன். எந்த அறையிலும் ஒரு தூரம்வரை கருவியிலிருந்து நேராக வரும் ஒலி ஓங்கியிருக்கும். அதைத் தாண்டினால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஓங்கும். அந்த எல்லை அறையின் கன அளவையும், ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்பதையும் பொறுத்தது. நீங்கள் சொன்ன அளவுக்குக் கன அளவு சுமார் 170 கன மீட்டர். கிரானைட்டும் கண்ணாடியும் இருப்பதால் அடங்கும் நேரத்தை 0.6 நொடி என்று எடுத்துக்கொண்டேன். எல்லை 3 அடிக்குச் சற்று மேல் வருகிறது. கார்டியாய்டு மைக் பின்பக்க ஒலியைத் தள்ளிவிடுவதால் 1.7 மடங்கு வரை பின்னால் போகலாம். அதாவது 5 அடி 4 அங்குலம்.

ஒன்று கேட்கிறேன். ஆறடி என்பது எங்கிருந்து? மேடை விளிம்பிலிருந்தா, டிரம்ஸிலிருந்தா, பாடகியின் குரல் வரும் ஸ்பீக்கரிலிருந்தா?

கொழிஞ்சாம்பாறை மைக்செட்:
5 அடி 4 அங்குலம்! ஆறடி இல்லை. படித்தவர் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். இனி என்ன பேச்சு?

தத்தமங்கலம் கிட்டார்:
எட்டு அங்குலத்துக்காகவா துள்ளுகிறீர்கள்? ஸ்டாண்டின் கால் விரியும் இடமே அதைவிடப் பெரிது. தவிர, 0.6 நொடி என்பது ஆள் இல்லாத அறைக்கு. ஐம்பது பேர் வந்து உட்கார்ந்தால் உடம்பும் துணியும் ஒலியைக் குடிக்கும், நேரம் குறையும், எல்லை பின்னால் போகும். பொறியாளரே, 0.4 போட்டுப் பாருங்கள்.

மீனாட்சிபுரத்துப் பொறியாளர்:
0.4 என்றால் ஆறரை அடிக்குச் சற்று மேல். ஆனால் எங்கிருந்து அளக்கிறீர்கள் என்று இருவரும் இன்னும் சொல்லவில்லை.

தத்தமங்கலம் கிட்டார்:
ஆறரை! நான் ஆறு என்றேன். எல்லைக்கு உள்ளேயே நின்றிருக்கிறேன்.

வாளையார் தமிழன்:
இத்தனை பேர் எழுதுகிறீர்கள், ஒருவருக்காவது 'ஒலிவாங்கி' என்று எழுத மனம் வரவில்லையே. தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் நாமே இப்படி எழுதினால், வாளையார்ச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் தமிழ் என்ன ஆகும்?

கொழிஞ்சாம்பாறை மைக்செட்:
ஐயா, என் கடைப் பலகையில் மைக்செட் என்று எழுதியிருப்பதால்தான் ஊர் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறது. தமிழை நான் மைக்கில் பேசி வளர்க்கிறேன். ஆறடி விஷயத்துக்கு வாருங்கள்.

வாளையார் தமிழன்:
பலகையைத்தான் சொல்கிறேன். அதில் 'ஒலிபெருக்கி நிலையம்' என்று இருந்த காலத்தில் உங்கள் அப்பாவையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள்.

கல்பாத்தி செவி:
ஆறடியும் வேண்டாம், எட்டு மைக்கும் வேண்டாம். 1987 நவம்பரில் கவ்பாய் ஜங்கீஸ் என்ற கனடா நாட்டுக் குழு டொரன்டோவில் ஒரு தேவாலயத்தில் ஒரே ஒரு மைக்கைச் சுற்றி உட்கார்ந்து ஒரு முழு ஆல்பத்தைப் பதிவு செய்தது. சத்தம் கூடியவர் பின்னால் நகர்ந்தார், குறைந்தவர் முன்னால் வந்தார். அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறை மைக்செட்:
தேவாலயம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். உயர்ந்த கூரை, கேட்பவர் கூட்டம் இல்லை, வேண்டியபடி இடம் மாற்றி உட்காரலாம். இங்கே பேஸ் வாசிப்பவர் ஓரடி பின்னால் நகர்ந்தால் கழிப்பறைக் கதவில் முட்டுவார். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு மைக் கருவிக்கு ஓரடியில் இருந்தால், அடுத்த மைக் அதிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றை ஒன்று தின்னாது. எட்டு மைக்கையும் நான் அப்படித்தான் வைத்தேன்.

தத்தமங்கலம் கிட்டார்:
அந்த மூலையில் எட்டு மைக்குக்கும் மூன்றடி கிடைத்ததா? நீங்களே இரண்டு முழம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், மேலே போய்ப் பாருங்கள்.

பொள்ளாச்சி டிரம்ஸ்:
கிடைக்கவில்லை. என் தலைக்கு மேல் இருந்த மைக்குக்கும் பாடகியின் மைக்குக்கும் நடுவே ஒரு கை நீளம்தான்.

கொழிஞ்சாம்பாறை மைக்செட்:
பொள்ளாச்சிக்காரருக்கு பாலக்காட்டு பார் அளவெல்லாம் எப்படித் தெரிந்தது? வாசிக்க வந்தால் வாசித்துவிட்டுப் போக வேண்டும்.

பொள்ளாச்சி டிரம்ஸ்:
வாசித்துவிட்டுத்தான் போனேன். பொள்ளாச்சியிலிருந்து ஆள் வராவிட்டால் அந்த பாரில் டிரம்ஸே இருக்காது. எல்லைக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் என்று பிரிக்கும் பேச்சு எனக்குப் பிடிக்காது.

கொழிஞ்சாம்பாறை மைக்செட்:
சரி, என் வழி என்ன என்று கேட்காமலே பேசுகிறீர்கள். இரண்டாவது முறை அங்கே போனபோது அறைக்கு என்று தனியாக இரண்டு மைக் வைத்தேன். எங்கே? மேஜை நடுவில் இல்லை. ஃபேன் கொக்கியில் சணல் கயிறு கட்டி, கூரையை ஒட்டி. ஃபேனைக் கழற்றச் சொன்னபோது உரிமையாளர் முகம் சுளித்தார், சம்மதிக்க வைத்தேன். கண்ணாடிக்கு நேரே இரண்டு ஜமக்காளம் தொங்கவிட்டேன். ஐஸ்கிரீம் ஃப்ரீசரின் கம்ப்ரஸர் மெதுவான பாட்டு நடுவில் உறுமத் தொடங்கும். பாட்டு தொடங்கும்போது பிளக்கைப் பிடுங்கி, முடிந்ததும் மாட்ட ஒரு பையனைத் தரையில் உட்காரவைத்தேன். நான்கு நிமிடம் அவன் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்திருந்தான். பதிவு என்றால் இதுதான். ஆறடி என்று நாடாவை நீட்டிவிட்டு ஸ்டாண்டை நட்டுப் போவது பதிவு இல்லை.

அந்த அறை மைக்குக்கும் ஸ்நேர் மைக்குக்கும் இருபதடி. ஒலிக்கு அதைக் கடக்க சுமார் 18 மில்லி நொடி. வீட்டில் உட்கார்ந்து அறை மைக்கின் பதிவை அந்த அளவு முன்னால் நகர்த்தி ஸ்நேரோடு ஒட்டினேன். கேட்டவர்கள் எல்லோரும் பாருக்குள் நிற்பதுபோல் இருக்கிறது என்றார்கள்.

மீனாட்சிபுரத்துப் பொறியாளர்:
கூரையை முற்றிலும் ஒட்டி வைத்தால் நல்லது. ஓரடி கீழே தொங்கினால் கூரையில் பட்டு வரும் ஒலி தாமதித்து வந்து சில அதிர்வெண்களை அடித்துவிடும். எத்தனை அங்குலத்தில் தொங்கியது?

தத்தமங்கலம் கிட்டார்:
பாருங்கள், கடைசியில் அறையைப் பிடிக்க அவருக்கும் இரண்டு மைக் தேவைப்பட்டிருக்கிறது! நான் சொன்னதும் இரண்டு மைக்தான். அவர் கூரையில் வைத்தார், நான் ஆறடியில் வைத்தேன். 1931-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் லண்டனில் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டபோதும் இரண்டு காது என்பதுதான் அடிப்படை, எட்டு காது இல்லை.

கொழிஞ்சாம்பாறை மைக்செட்:
இரண்டு மைக் என்பதையா நான் மறுத்தேன்? ஆறடி என்பதை மறுத்தேன். பேச்சை மாற்றாதீர்கள்.

கல்பாத்தி செவி:
முதலில் நீங்கள் எட்டு வேண்டும் என்றுதானே தொடங்கினீர்கள்?

கொழிஞ்சாம்பாறை மைக்செட்:
செவி ஐயா, போன வருடம் கல்பாத்தித் தேருக்கு என்னிடம் வாங்கிய இரண்டு ஸ்டாண்ட் இன்னும் வரவில்லை. ஒரே மைக் போதும் என்கிறவருக்கு ஸ்டாண்ட் எதற்கு இரண்டு?

கல்பாத்தி செவி:
ஸ்டாண்டை அந்த வாரமே உங்கள் வேனில் ஏற்றினேன். ஏற்றிய பையனே சாட்சி. வாடகை கொடுத்து வாங்கியதை இலவசமாக வாங்கியதுபோல் எழுத வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை மைக்செட்:
அந்தப் பையன் இப்போது என்னிடம் இல்லை. வசதியாகப் போயிற்று உங்களுக்கு.

சரி, நேரிலேயே பார்த்துவிடுவோம். வருகிற முதல் தேதி கேரளத்தில் பார்களுக்கு விடுமுறை. உரிமையாளரிடம் பேசி அறையைத் திறக்கச் சொல்கிறேன். டிரம்ஸ்காரரும் வரட்டும். உங்கள் ஆறடியில் ஒரு முறை, என் இடத்தில் ஒரு முறை, ஒரே பாட்டு.

தத்தமங்கலம் கிட்டார்:
முதல் தேதி என்றால் அறையில் ஆளே இருக்காது. 0.6 நொடியில் என் ஆறடியைச் சோதிக்கப் பார்க்கிறீர்கள். கூட்டம் இருக்கிற சனிக்கிழமை கூப்பிடுங்கள், வருகிறேன்.

கொழிஞ்சாம்பாறை மைக்செட்:
சனிக்கிழமை அந்த ஆறடியில் மேஜை இருக்கும் தம்பி. அதைத்தான் முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மீனாட்சிபுரத்துப் பொறியாளர்:
எங்கிருந்து ஆறடி?

பொள்ளாச்சி டிரம்ஸ்:
சனிக்கிழமை என்றால் எனக்குப் பேசிய சம்பளம் வேண்டும். போன முறை பாக்கி வைத்ததையும் சேர்த்து.