அப்பா யாரென்று தெரியாத பெரிய நாய் வளர்ப்பவர்கள் உண்டா?

சென்னை, அடுக்குமாடிக்காரர்:

எங்கள் வீட்டு பைரவிக்கு அம்மா லேப்ரடார். அப்பா யாரென்று அந்தத் தெருவுக்கே தெரியாது. பார்த்தால் ராட்வைலர் சாயல்: கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு. எடை 38 கிலோ. மிக்ஸி ஓடினாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிற ஜென்மம். ஆனால் லிஃப்டுக்குள் நிற்பவர்களுக்குக் குணமா தெரியப்போகிறது?

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 நாய் இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்த இனங்களின் கலப்புகளும் அதில் சேர்த்தி. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு முதல் செய்தி மட்டும்தான் வந்து சேர்ந்தது. அப்புறம் மே மாதம், ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின. "சார், உங்களுதும் அந்த ஜாதிதானே?" என்று கேட்காத ஆள் இல்லை.

அவர்கள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கடி வாங்கியது ஒரு குழந்தை. நாய்களை லிஃப்டில் ஏற்றத் தடை போடக்கூடாது என்று விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் இருக்கிறதுதான். அதை அச்செடுத்து ஒட்டினால் பயம் போய்விடுமா என்ன? காலையில் பள்ளிக்கூட நேரத்தில் நாங்கள் படியில்தான் இறங்குகிறோம்.

வெளியே போனால் வாய்க்கூடு. இதில் ஒரு விஷயம்: துணிப்பட்டை போல் வாயை இறுக்கிக் கட்டுவதை வாங்காதீர்கள். நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். நம்மூர் வெயிலில் வாயைக் கட்டினால் சுருண்டுவிடும். கூடை மாதிரி இருப்பதில் நாக்கை நீட்டலாம், தண்ணீரும் குடிக்கலாம். முதலில் மாட்டவே வேண்டாம். வேகவைத்த கோழி ஈரலைக் கூடைக்குள் வைத்து நீட்டுங்கள். பைரவி இப்போது கூடையைப் பார்த்தாலே தானாக மூக்கை நுழைக்கிறாள். நாக்கு நுனி கம்பிக்கு வெளியே துழாவிக்கொண்டே இருக்கும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, மாநகராட்சி உரிமம் இரண்டும் போனில் தயாராக இருக்கின்றன. யாராவது குரலை உயர்த்தினால் பேசாமல் எடுத்துக் காட்டிவிடுவேன். மூன்றாவது மாடி அம்மா மட்டும் இன்னமும் எங்கள் சங்கிலிச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார். சாத்திக்கொள்ளட்டும்.

திருமங்கலம் பக்கம், தோட்டவீட்டுக்காரர்:

உங்களுக்கு மனுஷர் தொல்லை, எங்களுக்கு உண்ணித் தொல்லை. எங்களுடையது ராஜபாளையமும் லேப்ரடாரும் கலந்தது, இடுப்பு உயரம் நிற்கும். ஒரு நாள் கறிச்சோற்றை முகர்ந்துவிட்டுப் படுத்துவிட்டது. மறுநாள் மூக்கில் ரத்தம். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துச் சுண்ணாம்பாகக் கிடந்தது.

தூக்க வேண்டுமே! கால் ஊன்றாத நாயை ஒரு ஆள் தூக்க முடியாது. ஆட்டோக்காரர்கள் ரத்தத்தைப் பார்த்து நழுவினார்கள். பழைய போர்வையை விரித்து உருட்டிப்போட்டு, நாலு முனையை நாலு பேர் பிடித்து, பக்கத்துத் தோட்டத்துக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் படுமோசம், உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டர். டாக்ஸிசைக்ளின் மாத்திரை நாலு வாரம். ஒரு வாரத்தில் எழுந்து தின்ன ஆரம்பித்தாலும் பாதியில் நிறுத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மாத்திரை, மருந்து எல்லாமே எடைக்கணக்கு. பெரிய நாய் என்றால் பெரிய பில். கழுத்துப்பட்டைக்கு அடியில், காது மடலுக்குள், விரலிடுக்கில் தினமும் தடவிப் பாருங்கள். உண்ணி கிடைத்தால் மண்ணெண்ணெய் தடவ வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

கோவை உறுப்பினர்:

நெஞ்சுக்கூடு கீழே ஆழமாக இறங்கிய பெரிய நாய் வைத்திருப்பவர்கள் வயிற்றையும் கவனியுங்கள். எங்கள் அண்ணன் வீட்டு நாய் ராத்திரி மூக்குமுட்டத் தின்றுவிட்டுத் தோட்டத்தில் ஓடியது. கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக்கொண்டது. வாந்தியெடுக்க முக்கி முக்கிப் பார்க்கிறது, நுரை மட்டும்தான் வருகிறது. அஜீரணம்தான், விடிந்ததும் பார்க்கலாம் என்றார் அண்ணன். அண்ணிதான் அப்போதே வண்டியை எடுக்க வைத்தார். இரைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. உடனே அறுவை சிகிச்சை. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்காது என்றார்கள். இப்போது ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்துப் போடுகிறார்கள், தின்றபின் ஓடவிடுவதில்லை. ராத்திரியிலும் அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். எல்லா இடத்திலும் செய்வதில்லை.