1 ஜிபி பேஜை நகர்த்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கீழக்கரையிலிருந்து:
வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் லினக்ஸ் சர்வர்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். இரண்டு நோடு கொண்ட நூமா மெஷின் (ரேம் நோடு நோடாகப் பிரிந்து தனித்தனி பிராசஸரை ஒட்டியிருக்கும் மெஷின்) ஒன்றில் ஒரு ரேம் அடிக்கடி பிழை காட்ட, அந்தப் பகுதியை மட்டும் ஆஃப்லைன் செய்ய, அதாவது பயன்பாட்டிலிருந்து விலக்கச் சொன்னார்கள். ரீபூட் கிடையாது. அங்கே உட்கார்ந்திருந்ததோ 1 ஜிபி ஹியூஜ் பேஜ்களில் (பேஜ் என்பது ரேமைப் பங்கிடும் துண்டு, வழக்கமாக 4 கேபி) ஓடும் வெர்ச்சுவல் மெஷின். கட்டளை கொடுத்தால் 'பிஸி' என்றே பதில். எடுக்க வேண்டிய பிளாக் வெறும் 128 எம்பி, ஆனால் பேஜ் முழுசாக நகர்ந்தால்தான் அந்தப் பிளாக் காலியாகும்.

மறுபக்கம், நோடு 0-இல், ரேம் நிறையவே காலி. அதுதான் எரிச்சல். 4 கேபி பேஜ் என்றால் எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். 1 ஜிபிக்கு அப்படிப்பட்ட 2,62,144 பேஜ்கள் இடைவெளியில்லாமல், அதுவும் சரியாக 1 ஜிபி எல்லையில் தொடங்கி, வேண்டும். மண்டபம் கரையில் சின்ன வத்தைக்கு எங்கேயும் இடம் கிடைக்கும், விசைப்படகுக்குக் கிடைக்குமா? எங்களிடம் இருந்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), நகர்த்தும் நேரத்தில் புதிதாக 1 ஜிபி பேஜ் உருவாக்கித் தராது. பூலில், அதாவது ஒதுக்கி வைத்த ஹியூஜ் பேஜ்களின் தொகுப்பில், ஏற்கெனவே காலியாக ஒன்று கிடந்தால்தான் உண்டு. நோடு 0-இல் யாரும் பயன்படுத்தாத ஒரு டெஸ்ட் மெஷினை நிறுத்தினேன். பேஜ்கள் பூலுக்குத் திரும்பின, அடுத்த முயற்சியில் ஆஃப்லைன் ஆகிவிட்டது. இப்போது பூட் ஆகும்போதே ஒவ்வொரு நோடிலும் உபரியாகச் சில பேஜ்களை ஒதுக்கி வைக்கிறோம். ரேம் வீண் என்று மேலே முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

மண்டபத்திலிருந்து:
காக்கா, உங்கள் மெஷினில் நெட்வொர்க் கார்டை கெஸ்டுக்கு (உள்ளே ஓடும் வெர்ச்சுவல் மெஷினுக்கு) நேரடியாகக் கொடுக்கவில்லை போல, தப்பித்தீர்கள். எங்களுடையதில் கொடுத்திருந்தோம். கார்டு டிஎம்ஏ வழியாக, பிராசஸரைக் கேட்காமலே, எப்போது வேண்டுமானாலும் அந்த ரேமில் எழுதும், அதனால் கெஸ்டின் மெமரி முழுக்க இடம் மாறாதபடி பின் செய்யப்பட்டிருக்கும். பின் செய்த பேஜை கெர்னல் நகர்த்தவே நகர்த்தாது, பூலில் எத்தனை காலி இருந்தாலும் சரி. பராமரிப்பு நேரம் வாங்கி, கெஸ்டை நிறுத்தித்தான் வேலையை முடித்தோம். அதற்கும் கச்சான் காற்று அடிக்கிற மாதம் பார்த்து நேரம் கொடுத்தார்கள். கரண்ட் போய்ப் போய் வர, போன் ஹாட்ஸ்பாட்டில் உட்கார்ந்து செய்தேன்.

தொண்டியிலிருந்து:
இடம் கிடைத்தாலும் நகல் எடுக்கும் நேரம் இருக்கிறதே. விநாடிக்கு 10 ஜிபி வேகம் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு பேஜுக்கு 100 மில்லி விநாடி. அதற்குள் அந்த பேஜைத் தொடும் திரெட் (புரோகிராமின் ஓடும் இழை) எல்லாம், பேஜ் கைக்கு வராததால், பேஜ் ஃபால்ட்டில் காத்து நிற்கும். எங்கள் டேட்டாபேஸுக்கு அது தாங்காது, 2 எம்பிக்கே மாறிவிட்டோம். டிஎல்பி மிஸ் (பேஜ் முகவரிகளை பிராசஸர் நினைவில் வைக்கும் டிஎல்பியில் தேடியது கிடைக்காமல் போவது) கொஞ்சம் கூடியது, யாரும் புகார் சொல்லவில்லை. ஹியூஜ் டிஎல்பி பேஜ்களை (இப்படிப் பூலில் ஒதுக்கும் ஹியூஜ் பேஜ்களை) நகர்த்தும் வசதி, பேஜ்களை நோடு மாற்றும் மூவ்_பேஜஸ் என்ற கெர்னல் அழைப்புக்கு 2013-இல், 3.12 கெர்னலிலேயே வந்துவிட்டது. 2 எம்பி அளவில் எங்களுக்கு இதுவரை அது மக்கர் செய்ததில்லை.