பழைய மோடத்தில் கோப்பு அனுப்பினால் சிஆர்சி பிழை, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் அப்பா நடத்திய அச்சகத்தின் 486 கம்ப்யூட்டரில், அவர் கைப்பட எழுதிச் சேர்த்த கல்யாணப் பத்திரிகை வாசகங்கள் எல்லாம் இருக்கின்றன. வேறு பிரதி கிடையாது. ஃப்ளாப்பி டிரைவ் செத்துவிட்டது. அதனால் இரண்டு 14.4 மோடங்களை (நொடிக்கு 14400 பிட் வேகம்) இன்டர்காம் லைனில் கோர்த்து, இசட்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையில் என் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறேன்.

கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையிலான போர்ட் வேகம் நொடிக்கு 38400 பிட் வைத்தால் முதல் சில கேபி சுத்தமாகப் போகிறது, பிறகு சிஆர்சி பிழை (வந்த தரவு அனுப்பியதோடு ஒத்துப்போகவில்லை என்ற எச்சரிக்கை) சரமாரியாக வருகிறது. அதே கோப்பு 9600-இல் ஒரு பிழையும் இல்லாமல் போய்ச் சேர்கிறது! ஆனால் மொத்தம் 40 எம்பி. நொடிக்கு 960 பைட் என்றால் 12 மணி நேரம். ஹார்ட் டிஸ்க் இப்போதே 'டிக் டிக்' என்று தட்டுகிறது, அவ்வளவு நேரம் தாங்குமா என்று பயமாக இருக்கிறது.

லைன் இரைச்சலாக இருக்காது. இரண்டு மோடமும் வி.42 என்ற பிழைதிருத்த முறையில் இணைகின்றன, வழியில் கெட்டதை அவையே மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். ஃப்ளோ கண்ட்ரோல்மேல்தான் (தரவை நிறுத்தி நிறுத்தி அனுப்பச் சொல்லும் ஏற்பாடு) எனக்குச் சந்தேகம். கம்ப்யூட்டர் 38400-இல் கொட்ட, மோடம் 14400-இல் அனுப்ப, மோடத்தின் பஃபர் (தற்காலிக நினைவகம்) நிரம்பியதும் "நிறுத்து" என்று சொல்ல வழியில்லை. கம்ப்யூட்டரையும் மோடத்தையும் இணைக்கும் கேபிளை மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: கம்ப்யூட்டர் பக்கத்து 9 பின் முனையில் இந்த "நிறுத்து" சைகைக்கான 7, 8 இரண்டும், மோடம் பக்கத்து 25 பின் முனையின் 4, 5-ஐ எட்டவே இல்லை.

இந்த இரண்டு கம்பியையும் நானே பற்றவைத்தால் போதுமா, மோடத்துக்கும் தனிக் கட்டளை கொடுக்க வேண்டுமா? முழுக் கம்பியும் உள்ள கேபிள் யாரிடமாவது இருந்தால், பட்டர்வொர்த் என்றாலும் ஃபெர்ரி ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.